அண்ணாச்சி கை வைத்த பக்கம்

செல்வி, சரவணா, ரெண்டு பேரும் இதைப் பொறுமையாகப் படிக்கணும்.

போன வாரம் செல்வி போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளைக் கையுறை மாட்டிய ஒருத்தர் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டுகிறார். "அப்பா, நீங்களும் இப்படித்தானே வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். "ஆமா, கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அந்தக் கிட்டத்தட்டவுக்குள்தான் கதை இருக்கிறது. வாயால் சொன்னால் சரவணன் பாதியில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. செல்வி டீச்சருக்குப் படிக்கிறவள், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஏசி ஹெல்பராக இருந்தது உங்களுக்குத் தெரியும். வருஷக் கணக்காகக் குளிர் காற்றுப் போகிற டக்ட்டுக்குள் தவழ்ந்த கதையை ஒவ்வொரு லீவிலும் சொல்லியிருக்கிறேன், விட்டுவிடலாம். அங்கிருந்து ஷார்ஜாவுக்கு மாற்றினார்கள். மியூசியம் ஒன்றுக்கு ஆள் சப்ளை செய்கிற கம்பெனி. ஏசி தெரிந்த ஆள் வேண்டும் என்று மியூசியம் கேட்டிருந்தது. பழைய புத்தகத்துக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே போனேன். போன பிறகுதான் தெரிந்தது, மனுஷனைவிடப் புத்தகத்துக்குத்தான் அது முக்கியம். நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்பில் எங்கள் ரூம் ஏசி கெட்டுப்போய் ஒரு வாரம் வெந்து கிடந்தோம், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மியூசியம் ஸ்டோரில் சூடு கொஞ்சம் ஏறினால் மணி அடிக்கும், நாலு பேர் மூச்சு வாங்க ஓடி வருவார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தன்.

என்னோடு ஜோடியாகப் போட்ட ஆள் சுப்பையா பிள்ளை. அம்பாசமுத்திரம் பக்கம். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். துபாயிலும் அபுதாபியிலும் நீங்கள் படத்தில் பார்க்கிற உயரமான கட்டடங்களில் ஷட்டரிங் கார்ப்பெண்டராக இருந்தவர். கான்கிரீட் ஊற்ற பலகை அடிக்கிற வேலை. எல்லாம் வெயிலில். மியூசியத்துக்குப் பெட்டி செய்ய ஆள் தேவைப்பட்டபோது அவரை அனுப்பினார்கள். அதுதான் கல்ஃபில் அவருக்குக் கிடைத்த முதல் நிழல் வேலை.

"ஏய்யா கருப்பையா, என் தோல் ஏற்கெனவே வத்தல் போட்ட மாதிரி ஆயிட்டு" என்பார். "இன்னொரு தடவ வெயிலுக்கு அனுப்பினா நேரா எண்ணெயில போட்டுப் பொரிச்சிரலாம்."

அண்ணாச்சி சுத்த சைவம். எங்கள் கேம்ப் மெஸ்ஸில் ரெண்டு வரிசை உண்டு. மட்டன் வரிசையில் நாங்கள் கூட்டமாக நிற்போம். சைவ வரிசையில் அண்ணாச்சி, ரெண்டு குஜராத்திகள், வயிறு சரியில்லாத யாராவது ஒருத்தர். தினமும் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்து, பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு இல்ல" என்பார். "புல்லுக்கு எதுக்கு அண்ணாச்சி உப்பு?" என்று நாங்கள் சிரிப்போம். எழுந்து போய் உப்பு எடுத்து வருவார். இது தினமும் நடக்கும், அவருக்கும் அலுக்கவில்லை, எங்களுக்கும் அலுக்கவில்லை.

மியூசியத்தில் எங்களுக்கு மேலே டாக்டர் நாதியா. லெபனான்காரர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். நாங்கள் டாக்டரம்மா என்போம். அவர் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பார்ப்போம்' என்பார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார். ஸ்டோருக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, மை பட்டுவிடும் என்று பென்சில்தான். அந்தப் பென்சில் கையில் இருந்தால் பயமில்லை. காதுக்கு மேலே போனால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அண்ணாச்சி ஸ்டோருக்குள் போகும்போது ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போவார். உள்ளே குர்ஆன் ஏடுகள் இருந்தன, வேறு வேதப் புத்தகங்களும் இருந்தன. எந்தச் சாமியானாலும் சாமி புத்தகத்துக்கு முன்னால் செருப்புப் போடக் கூடாது என்பது அவர் கட்சி. பாரமான பெட்டி தூக்குகிற இடத்தில் சேஃப்டி ஷூ இல்லாமல் நிற்கக் கூடாது என்பது மியூசியத்தின் கட்சி. டாக்டரம்மா வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தார், அண்ணாச்சியின் வெறுங்காலைப் பார்த்தார். "பார்ப்போம்" என்றார். மறுநாள் வாசலில் நீலத் துணி உறை ஒரு கட்டு இருந்தது, ஷூவுக்கு மேலே மாட்டுவது. ஸ்டோருக்குள் தூசி போகக் கூடாதாம், எல்லாருக்கும் சட்டமாம். சாமிக்கும் ஷூவுக்கும் நடுவில் துணி வந்துவிட்டதால் அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். திருநீறு விஷயமும் இப்படித்தான். பொடி உதிரும் என்று நெற்றியிலிருந்து நெஞ்சுக்குப் போனது. யூனிஃபார்மின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

எல்லா மதத்து வேத நூல்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஐரோப்பாவில் மலைக்கு நடுவில் இருக்கிற ஒரு மடத்திலிருந்து ஜெபப் புத்தகம் ஒன்று இரவலாக வந்தது. எண்ணூறு வருஷப் பழசு என்றார்கள். கையால் எழுதினது. கூடவே அந்த மடத்துச் சாமியார் ஒருத்தரும் வந்தார். பிரதர் யோஹான் என்று பெயர். நல்ல பருமன், வெள்ளைத் தாடி, காலில் செருப்பு.

வெளியூரிலிருந்து வருகிற பெட்டியை வந்ததும் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் ஸ்டோரில் அப்படியே வைக்கணும். உள்ளே இருக்கிற பொருள் நம் ஊர்க் காற்றுக்கு மெதுவாகப் பழகணும். இல்லாவிட்டால் வெடித்துவிடும், சுருண்டுவிடும். நாம் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் சூடு முகத்தில் அறையுமே, அது புத்தகத்துக்கும் உண்டு. பெட்டியை விட்டு நகரக் கூடாது என்று பிரதருக்கு மடத்து உத்தரவு. பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி பெட்டியைச் சுற்றி வந்து ஆணியை, மூலையை, கைப்பிடியை எல்லாம் தட்டிப் பார்த்தார்.

"நல்ல ஆசாரி செஞ்சிருக்கான்" என்றார். பிறகு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரதர் எழுந்து நின்று அவருக்குத் தலை குனிந்தார். அப்போதே ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துவிட்டது.

மறுநாள் திறந்தோம். நானும் அண்ணாச்சியும் வழக்கம்போல வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றோம். பிரதர் எங்கள் கையைப் பார்த்து வேண்டாம் என்று விரலை ஆட்டினார். "கையுறை போட்டால் விரலுக்குப் பக்கம் தெரியாது. எங்கள் மடத்தில் இருக்கிற கிழிசல் எல்லாம் கையுறைக்காரர்கள் வேலை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈரம் போகத் துடையுங்கள். வெறும் கைதான் நல்லது."

டாக்டரம்மாவும் ஆமாம், இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான் மாற்றுகிறார்கள் என்றார். கழுவினோம். மோதிரம் இருந்தால் கழற்றணும், நகம் வெட்டியிருக்கணும், கிரீம் கூடாது. பக்கத்தை விரல் நுனியால் கிள்ளித் தூக்கக் கூடாது. மேல் மூலையில் விரலை நுழைத்து, உள்ளங்கையைப் பக்கத்துக்கு அடியில் கொடுத்து, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி திருப்பணும்.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சந்தோஷம். சாமி புத்தகத்தை வெறுங்கையால் தொட விட்டுவிட்டார்களே. முதல் பக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். விரல்கள் அடியில் மெதுவாக நகர்ந்தன.

"ஏய்யா, இது காயிதம் இல்லையே. ஓலையும் இல்ல. ஒரு பக்கம் வழவழங்கு, ஒரு பக்கம் சொரசொரங்கு. என்ன சாமான்னு கேளு."

இங்கிலீஷ் எனக்குக் கேட்டால் புரியும், பேசத்தான் தடுமாறும், அதிலேயே கேட்டேன். பிரதர் பெருமையோடு, "ஸ்கின்" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சைட்டில் வெயில் கொப்புளத்துக்காக அண்ணாச்சி ஸ்கின் டாக்டரிடம் நடையாய் நடந்தவர். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை அவருக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தை மெதுவாகக் கீழே விட்டார். அந்த நேரத்திலும் முறைப்படிதான் விட்டார். பிறகு பெயின்ட் பட்ட மாதிரி கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எதோட ஸ்கின்னு கேளு" என்றார்.

கேட்டேன். "அநேகமாக ஆடு" என்றார் டாக்டரம்மா. அதே நேரத்தில் பிரதர், "சந்தேகமில்லாமல் கன்றுக்குட்டி" என்றார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவின் பென்சில் காதுக்கு மேலே ஏறியது.

பிள்ளைகளா, இந்த இடத்தில் விளக்கிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் பனையோலை கிடையாது, சாமி புத்தகத்துக்குக் காகிதத்தை அவர்கள் அதிகம் நம்பவில்லை. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து அதில்தான் எழுதினார்கள். வடக்கே குளிர் தேசத்து மடங்களில் பெரும்பாலும் கன்றுத் தோல். தெற்கே, கிழக்கே, டாக்டரம்மாவின் ஊர்ப்பக்கமெல்லாம் ஆட்டுத் தோல் அதிகம். இந்தப் புத்தகம் எங்கே பிறந்தது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் மடத்துப் பள்ளத்தாக்கில்தான் எழுதியது என்று பிரதர் சொன்னார். இல்லை, எங்கள் கடற்கரைப் பக்கம் எழுதி அங்கே கொண்டுபோனது என்று டாக்டரம்மா சொன்னார். ஆடா கன்றா என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். ரெண்டு படித்தவர்களுக்கு அது ஊர்ப் பெருமை. அண்ணாச்சிக்கு அது வேறு விஷயம்.

கேம்புக்குத் திரும்புகிற வேனில் அவர் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்தே உட்கார்ந்திருந்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"ஆடுன்னா பரவாயில்லையா அண்ணாச்சி?"

"ஆடுன்னா தலைக்குக் குளிச்சிட்டு சோலியப் பாக்கலாம். பசுங்கன்னுன்னா? எங்க தொழுவத்துல நிக்குத கன்னுக்குப் பொட்டு வச்சிக் கும்பிடுதோம். இங்க அதை உரிச்சுச் சாமி பாட்டு எழுதி வச்சிருக்கானுவோ. நான் நேத்து எதைவே தொட்டுக் கண்ணுல ஒத்தினேன்?"

"நேத்து ஒத்துனது பெட்டிய. அது வெறும் மரம்."

"வாயில நல்லா வருது."

"டாக்டரம்மாகிட்ட சொல்லிருவோம். அது நல்ல மனுஷி."

"சொன்னா என்ன செய்வா? தொட மாட்டேங்கவனுக்கு இங்க என்ன சோலின்னுதான் கேப்பா. காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. அவ கையெழுத்துப் போடலைன்னா கம்பெனிக்காரன் என்னைத் திரும்ப ஷட்டரிங்குக்கு ஏத்திருவான். நான் மேல ஏறி நிக்க வயசாவே இது?"

அதுதான் விஷயம். கையை வைத்தால் நிழல், வைக்காவிட்டால் வெயில். அவர் மகன் காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருந்தது. அந்த ரெண்டு வருஷமும் ஏசிக்குள் இருக்குமா, ஆகஸ்ட் மாச வெயிலில் பத்தாவது மாடியில் இருக்குமா என்பது ஒரு கன்றுக்குட்டியின் கையில் இருந்தது.

வேண்டாம் என்று அவர் சொல்லியும் நான் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம், சுப்பையா கவ் நோ டச், கவ் காட்" என்றேன். அவர் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். காண்ட்ராக்ட் பேப்பர் அவர் மேஜையில்தான், கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதை ஒரு தரம் பார்த்தார். "பார்ப்போம்" என்றார். "முதலில் அது என்னவென்று நமக்கே தெரியட்டும்." பென்சில் காதுக்குப் போகவில்லை. அதை மட்டும் அண்ணாச்சிக்கு வந்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒரு வேடிக்கை. பிரதர் மாமிசம் சாப்பிட மாட்டார், அவருக்கு எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நான் அதை அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் நம்பவில்லை.

"சைவப் பாதிரியாரா? எந்த ஊர்லவே?"

அவர்கள் மடத்தில் பரம்பரையாகவே அப்படித்தானாம். அண்ணாச்சி பிரதரைக் கையோடு ஷார்ஜா ரோலா பஜாருக்கு, சைவ ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி வேலைக்கு நான். ஹோட்டலுக்காரரிடம், "நம்ம ஆளுதான், தைரியமா பரிமாறும்" என்றார். பிரதர் கையால் சாப்பிடப் பார்த்தார். சாம்பார் முழங்கை வரை ஓடியது. அண்ணாச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து காட்டினார். சரவணனுக்கு மூணு வயசில் நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

மோர் வந்தபோது அண்ணாச்சி என் தொடையைத் தட்டினார். "கேளு. மாமிசம் திங்காத மடத்துல, சாமி புத்தகத்த எப்படித் தோல்ல எழுதினாங்கன்னு கேளு. மரியாதையா கேளு."

மரியாதையாகத்தான் கேட்டேன். பிரதர் சிரிக்கவில்லை. நாப்கினால் தாடியைத் துடைத்தார்.

"நான் மடத்தில் சேர்ந்த புதிதில் இதையே எங்கள் பெரியவரிடம் கேட்டேன். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து கேள் என்றார். கழுவிவிட்டு வந்தேன். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தூசி தட்டச் சொன்னார். அன்றிலிருந்து தூசிதான் தட்டுகிறேன். பதில் இன்னும் வரவில்லை."

அண்ணாச்சிக்கு இது போதவில்லை. பிரதர் மறுபடி யோசித்துச் சொன்னார். "எங்கள் மடத்துக்கு விருந்தாளி வருவார்கள், நோயாளி வருவார்கள். அவர்களுக்கு மாமிசம் சமைத்தார்கள். தோல் மிஞ்சியது. தூக்கிப் போட மனசில்லை."

நான் இதைத் தமிழில் சொன்னதும் அண்ணாச்சி மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "மிச்சத்துலயா சாமி புத்தகம் செஞ்சாவோ?"

பிரதரிடம் அதைச் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினார். "எங்களிடம் இருந்தது எல்லாமே அடுத்தவர் மிச்சம்தான்" என்றார். அண்ணாச்சி மோரைக் குடித்து முடித்தார். பில் வந்ததும் அதைப் பிரதர் கையில் கொடுக்க விடாமல் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஸ்டோரில் சோதனை வைத்தார்கள். ஜன்னல் கிடையாது, லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச்சைப் பக்கத்துக்கு வெளியே தாழ்வாகப் பிடிக்கணும். அப்படிச் சாய்வாக வெளிச்சம் விழுந்தால் தோலில் மயிர் இருந்த புள்ளிகள் மேடு பள்ளமாகத் தெரியும். டார்ச் பிடிக்கிறவன் நான். டாக்டரம்மா ஒரு பூதக்கண்ணாடி, பிரதர் ஒரு பூதக்கண்ணாடி. ரெண்டு பேரும் ஒரே பக்கத்தில் குனிந்து ரெண்டு தடவை தலையை முட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவ ரூமுக்கு வெளியே நிற்பவர் மாதிரி கதவுப் பக்கம் நின்றார்.

டாக்டரம்மா எனக்கும் காட்டினார். புள்ளிகள் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாகத் தெரிந்தன. "இப்படி இருந்தால் ஆடு" என்றார். பிரதர் பெருமூச்சு விட்டு, "ஆடுதான்" என்றார்.

நான் திரும்பி, "அண்ணாச்சி, ஆடாம்" என்றேன். அவர் தலைக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டார். ஆட்டைக் கும்பிட்டாரா, ஆண்டவனைக் கும்பிட்டாரா தெரியவில்லை.

ஆனால் புத்தகம் தடிமன். ஒவ்வொரு கட்டாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆடு, ஆடு, ஆடு. பாதியைத் தாண்டியதும் பிரதர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். புள்ளிகள் இப்போது வரிசையாக இல்லை. வயலில் நெல் விதைத்த மாதிரி பொடிப் பொடியாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன. தோலும் வெளுப்பு. பிரதர் தாடியை உருவிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். "கன்று" என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் கஷ்டப்பட்டு. அங்கிருந்து கடைசி வரை கன்றுதான்.

"இப்ப என்னவாம்?" என்று கதவிலிருந்து கேட்டார் அண்ணாச்சி.

"முதல் பாதி ஆடு, பின் பாதி கன்னு."

"வெளங்கிரும்."

பிறகு ரெண்டு பேரும் எழுத்தைப் பார்த்தார்கள். ஆட்டுப் பக்கத்திலும் கன்றுப் பக்கத்திலும் எழுத்து ஒன்றுதான். ஒரே ஆள் கை. ஒரு துறவி டாக்டரம்மாவின் ஊர்ப்பக்கம் எங்கேயோ வந்திருந்து, அங்கே கிடைத்த தோலில் எழுத ஆரம்பித்து, பாதியோடு தன் மடத்துக்குத் திரும்பி, அங்கே கிடைத்த தோலில் முடித்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள், சத்தியம் செய்யவில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது. ஆளுக்குப் பாதிப் புத்தகம் கிடைத்துவிட்டது அல்லவா.

இதை அண்ணாச்சிக்குச் சொன்னேன். "வெளிநாட்டுக்குச் சோலிக்கு வந்தவன். லீவுல ஊருக்குப் போயிருப்பான். திரும்ப வரல" என்றார்.

இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பா வேறு ஏதாவதா என்று இருட்டில் தெரியவில்லை.

மறுநாள் டியூட்டி சார்ட் வந்தது. ஆட்டுப் பக்கங்களைத் திருப்புவது சுப்பையா, கன்றுப் பக்கங்களைத் திருப்புவது கருப்பையா. காரணம் எழுதவில்லை. கண்காட்சியில் புத்தகத்தைச் சரியாக நடுவில் விரித்து வைப்பதாக முடிவாயிற்று, இடது பக்கம் ஆடு, வலது பக்கம் கன்று. எல்லாம் சுமுகம் என்றுதான் நினைத்தோம். காண்ட்ராக்ட் பேப்பர் மட்டும் இன்னும் மேஜையிலேயே கிடந்தது. அதைக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற நாள். புத்தகத்தைத் தாங்குகிற மரச்சட்டத்தை அண்ணாச்சிதான் இழைத்திருந்தார். அதில் புத்தகத்தை விரித்து வைத்தோம். பக்கம் எழும்பாமல் இருக்க ஒளி ஊடுருவுகிற மெல்லிய நாடா ஒன்றைச் சுற்றணும். இடது பக்கத்துக்கு அண்ணாச்சி சுற்றி முடித்தார். வலது பக்கத்துக்கு நான் நாடாவை எடுத்தேன். மேலே மூடுகிற கண்ணாடிக் கூட்டை டாக்டரம்மா ஒரு பக்கமும் பிரதர் ஒரு பக்கமும் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார்கள்.

அப்போது கரண்ட் போய் வந்தது. லைட் வந்துவிட்டது, ஏசி வரவில்லை. அது ஆகஸ்ட். போதாததற்கு சாமான் இறக்குகிற பெரிய கதவை யாரோ திறந்திருந்தார்கள். கடலோரத்து ஈரக் காற்று ஹாலுக்குள் அப்படியே வந்தது. பிரதருக்கு வேர்த்தது. வேர்த்த கையிலிருந்து கண்ணாடிக் கூடு நழுவியது. நான் நாடாவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அந்த மூலையைத் தோளில் வாங்கினேன். இனி என்னால் அசைய முடியாது. அசைந்தால் கூடு புத்தகத்தின் மேல் விழும்.

அந்த நேரத்தில் வலது பக்கம் எழும்பியது. நிஜமாகவே எழும்பியது, பிள்ளைகளா. ஈரம் பட்டால் தோல் அப்படித்தான், தான் பிறந்த உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஓரம் மெதுவாக வளைந்து, தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி தூக்கியது. தங்கம் பூசிய எழுத்து ஒன்று அந்த வளைவில் இருந்தது. இன்னும் வளைந்தால் அது உதிரும்.

"ஹேண்ட்" என்றார் பிரதர். "யல்லா, சீக்கிரம், சுப்பையா" என்றார் டாக்டரம்மா. சும்மா நிற்கிற கை அங்கே அண்ணாச்சியுடையது மட்டும்தான்.

அண்ணாச்சி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பேன்ட்டில் கையைத் துடைத்தார். வலது உள்ளங்கையை விரித்து, எழுத்தில்லாத ஓரத்தில், அமுக்காமல், சும்மா வைத்தார். எழும்பிக்கொண்டிருந்த பக்கம் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. யாரோ ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்கள், ஏசியும் வந்தது. ஆனாலும் டாக்டரம்மா சொல்லும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து கூடு இறங்கிய பிறகு அண்ணாச்சி பாத்ரூம் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கேம்புக்கு வண்டி கேட்டுக் குளிக்கப் போவார் என்று நினைத்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிக்கணுமா அண்ணாச்சி? வண்டி சொல்லட்டுமா?"

"எதுக்கு?"

"தொட்டீங்களே."

"செத்ததத் தொட்டா குளிக்கணும். அது செத்த மாதிரியா இருந்துச்சு? எந்திரிச்சு நின்னுச்சேய்யா. கை வச்சதும் படுத்துக்கிட்டு." உள்ளங்கையை என்னிடம் நீட்டினார். "குளுகுளுன்னு இருந்துச்சு. கன்னுக்குட்டி மூக்கு மாதிரி."

அவர் குளிக்கவில்லை. நான் இதைப் பிரதரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள். "எங்கள் பெரியவருக்கு இந்தப் பதில் தெரியாமல் போய்விட்டதே" என்றார்.

சாயங்காலம் டாக்டரம்மா மேஜையில் காண்ட்ராக்ட் பேப்பர் இல்லை. கம்பெனிக்குப் போய்விட்டது, கையெழுத்தோடு. எப்போது போட்டார் என்று கேட்டேன். "டியூட்டி சார்ட் போட்ட அன்றே" என்றார். பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் இதை நான் உடனே சொல்லவில்லை. கை வைத்ததால்தான் நிழல் கிடைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு ஒரு கம்பீரம் இருந்தது. பிறகு ஒருநாள் சொன்னபோது, "பொம்பள அப்பவே சொல்லியிருந்தா நான் ராத்திரி தூங்கியிருப்பேன்லா" என்றார்.

கண்காட்சி முடிந்து புத்தகம் மடத்துக்குப் போனது. அண்ணாச்சி செய்த மரச்சட்டத்தையும் பிரதர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரெண்டு வருஷம் கழித்து அண்ணாச்சியின் மகன் படிப்பை முடித்தான். அண்ணாச்சியும் விசா கேன்சல் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். "நம்ம பாதி எழுத்து இங்க முடிஞ்சது. மிச்சம் ஊர்ல, கன்னுத் தோல்ல" என்று ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டு உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் மெஸ்ஸுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை, மட்டன் பிரியாணி. என் வரிசை வாசல் வரை நின்றது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சைவ வரிசையில் குஜராத்திகளுக்குப் பின்னால் நின்றேன். பரிமாறுகிறவர் என் முகத்தைப் பார்த்து, வயிறு சரியில்லையா பாய் என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வழக்கமான இடத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன்.

பருப்பில் உப்பு இல்லை. எழுந்து போய் உப்பு எடுத்து வந்து போட்டுக்கொண்டு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.